சார்லட் கிரீன்வேக்கள்: எட்டு வருடம் நடந்த பிறகு ஒரு விமர்சனம்

இந்த ஊரில் எந்த ஹோட்டலில் தோசை நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் முருங்கைக்காய் வாடாமல் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நானும் அதைப் படித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் வாரத்தில் நான்கு நாள் நான் பயன்படுத்தும் ஒரு சேவையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதற்குக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்கும் பெரும்பாலும் இலவசம், சனிக்கிழமை காலையில் போனால் எதிரில் வருபவர்களில் நாலில் ஒருவர் நம் பக்கத்து முகம். வட கரோலினாவில் சார்லட் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஆறு சிறிய ஊர்களும் அடங்கிய மெக்லன்பர்க் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்தும் கிரீன்வேக்களைத்தான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கிரீன்வே என்றால் ஓடைக் கரையோடு போகும் நடைபாதை. பத்துப் பன்னிரண்டு அடி அகலம் இருக்கும், பெரும்பாலும் தார், சில இடங்களில் சிமெண்ட், சதுப்பான இடங்களில் மரப்பலகைப் பாலம். நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், ஸ்ட்ரோலர் தள்ளலாம். கார் வராது. கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஒரு ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதைகளுக்கு ஐந்துக்கு நாலரை. அவற்றை ஊர் முழுக்க இணைக்கப் போகிறோம் என்று சொல்லும் திட்டத்துக்கு மூன்று. அந்தத் திட்டத்தைப் பற்றி நடக்கும் கூட்டங்களில் நம் ஆட்கள் கலந்துகொள்ளும் அழகுக்கு ஒன்று, அதுவும் தாராளமாகக் கொடுத்தால். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் நல்லதை. நான் அதிகம் நடப்பது ஊரின் தெற்கே ஃபோர் மைல் கிரீக் பாதையிலும் அதோடு சேரும் மெக்மல்லன் கிரீக் பாதையிலும். ரே ரோடு, ஜான்ஸ்டன் ரோடு பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த இடம். சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே இருநூறு அடி போனால் சத்தம் அப்படியே அடங்கிவிடும். சதுப்பு நிலத்துக்கு மேல் நீளமாகப் பலகைப் பாதை, கீழே தேங்கிய தண்ணீர், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் பெரிய சாம்பல் நிற நாரை. மான் சர்வ சாதாரணம். சாயங்காலம் போனால் பார்ட் (barred) ஆந்தை கூப்பிடுவது கேட்கும், சார்லட்டில் இந்த ஆந்தைகள் நிறைய, வீட்டுத் தோட்டத்துப் பெரிய மரங்களில்கூடக் கூடு வைக்கின்றன. கோடையில் காப்பர்ஹெட் பாம்பும் உண்டு, அதனால் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் போகாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள்.

வடக்கே யூஎன்சி சார்லட் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே டோபி கிரீக் பாதை ஓடுகிறது, அது மேலே போய் மல்லார்ட் கிரீக் பாதையோடு சேர்கிறது. அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கார் இல்லாத முதல் வருடத்தில் இந்தப் பாதையில்தான் பேசிக்கொண்டே நடக்கிறார்கள், அம்மாவிடம் வீடியோ காலில் மரத்தைக் காட்டிக்கொண்டு போகும் ஒரு பெண்ணையாவது பார்க்காமல் நான் திரும்பி வந்ததில்லை.

எனக்கு மனதுக்கு மிகவும் நெருக்கமானது நகரின் நடுவே போகும் லிட்டில் சுகர் கிரீக். அதன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1959இல் இந்த ஓடைக்கு அருகே சார்லட்டவுன் மால் என்று ஒரு மால் கட்டினார்கள், அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் முழுவதும் கூரை போட்டு மூடிய முதல் மால்களில் அதுவும் ஒன்று. காலப்போக்கில் ஓடைக்கு மேலேயே கான்கிரீட் போட்டு மூடி வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். கீழே ஒரு ஓடை ஓடுவதே தெரியாமல் ஒரு தலைமுறை அதற்கு மேல் காரை நிறுத்தியிருக்கிறது. கழிவுநீர் கலந்து, நாற்றமெடுத்து, மீன் பிழைக்காத ஓடையாகக் கிடந்ததை, 2000களில் அந்த மாலை இடித்தபோது கான்கிரீட்டைப் பெயர்த்து மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அந்த இடத்தில் கரையோரம் கல் படிகள், பூச்செடிகள், பாதையோரத்தில் ஊரின் வரலாற்று மனிதர்களின் வெண்கலச் சிலைகள். கடாபா பழங்குடித் தலைவர் ஹேய்க்லரின் சிலையும் அதில் இருக்கிறது. புதைத்த ஓடையைத் தோண்டி எடுத்த ஊர் இது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது, நான் இங்கே பிறக்காவிட்டாலும்.

என் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து முதல் தடவை வந்திருந்தபோது இங்கேதான் கூட்டிக்கொண்டு போனேன். வயது 71, தினமும் காலை ஐந்தரைக்கு நடந்து பழகியவர். பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டு இடம் சும்மா கெடக்கே, இந்த ஓடைப் புறம்போக்கை யாரும் வளைச்சுப் போடலியா?" என்று கேட்டார். நான் அந்தக் கேள்வியை அதுவரை யோசித்ததே இல்லை. அப்புறம் தேடிப் படித்தேன். வளைத்துப் போட்டிருக்கிறார்கள். 1995இலும் 1997இலும் பெரிய வெள்ளம் வந்து ஓடையோர வீடுகள் மூழ்கியிருக்கின்றன. அதன்பின் 1999இலிருந்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் ஏறும் வீடுகளை, விற்கச் சம்மதித்தவர்களிடம் மட்டும், விலை கொடுத்து வாங்கி இடித்து, இடத்தைத் திறந்தவெளியாக விட்டுவிடும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அப்படிப் போயிருக்கின்றன. மழைக்காலத்தில் ஓடை பரவுவதற்கு இடம் வேண்டும், மற்ற நாட்களில் அதே இடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளட்டும், இதுதான் கிரீன்வேயின் அடிப்படை. அப்பா அதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவர்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள். ஊரின் பெரிய பாதாள சாக்கடைக் குழாய்கள் ஓடைக் கரையோடுதான் போகின்றன, தண்ணீர் தானாகச் சரியும் திசை அதுதானே. குழாய்க்காக ஏற்கெனவே மரம் வெட்டி, பராமரிப்புக்கு வழி விட்டு வைத்த கீற்று நிலம் அங்கே இருக்கிறது. பல இடங்களில் அதன் மேலேயோ அதை ஒட்டியோதான் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சில நாள் லேசாக வாடை வந்தால் காரணம் இதுதான். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை, இருக்கிற நிலத்தை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவது கெட்டிக்காரத்தனம்.

குறைகள் என்று பார்த்தால், பலத்த மழைக்கு மறுநாள் சாலைகளுக்கு அடியில் புகுந்து போகும் இடங்களில் தண்ணீர் நிற்கும், வடிந்த பிறகும் வழுக்கும் வண்டல் இருக்கும். எல்லா நுழைவாயிலிலும் கழிப்பறை கிடையாது, பெரியவர்களைக் கூட்டிப் போவதானால் ஃப்ரீடம் பார்க் மாதிரி பூங்காவோடு சேர்ந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பாதைகளில் விளக்கு இல்லை. குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், வேலை முடிந்து வந்து நடப்பவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தச் சேவை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

இனி திட்டம். இங்கேதான் எனக்குக் கோபமும் வருகிறது, கவலையும் வருகிறது.

சார்லட் நகராட்சிக்கு என்று தனியாகப் பூங்காத் துறை கிடையாது, 1992இல் நகராட்சி, கவுண்டி இரண்டின் பூங்காத் துறைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் கவுண்டியிடம் கொடுத்துவிட்டார்கள். ஆக, பூங்கா, கிரீன்வே எல்லாவற்றுக்கும் கடைசியில் முடிவெடுப்பது ஒன்பது பேர் கொண்ட கவுண்டி கமிஷனர்கள் குழு. கிரீன்வேக்கான முதல் பெருந்திட்டம் 1980இல் வந்தது. 14 ஓடைகள், 73 மைல் பாதை என்று அதில் எழுதினார்கள். 1999இல் அதைப் புதுப்பித்து இலக்கை 185 மைலுக்கு உயர்த்தினார்கள். இன்று நடந்து போகக்கூடிய பாதை 70 மைல் சொச்சம். அதாவது முதல் திட்டத்தில் போட்ட கணக்கைத் தொடவே நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த நாற்பது வருடத்தில் கவுண்டியின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று மடங்காகி, 2020 கணக்கெடுப்பில் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரு தடை வந்திருக்கிறது. 2008 நவம்பரில் பூங்காக்களுக்காக 250 மில்லியன் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். அதே மாதங்களில்தான் வங்கிகள் சரிந்து பொருளாதாரம் விழுந்தது, ஒப்புதல் கிடைத்த பணத்தைக் கடனாக எடுக்கவே கவுண்டி தயங்கி நின்றது, வேலைகள் வருடக்கணக்கில் தள்ளிப்போயின. அடுத்தது கிராஸ் சார்லட் டிரெயில். தெற்கே பைன்வில்லில் தொடங்கி, அப்டவுன் என்கிற நகர மையம் வழியாக, பல்கலைக்கழகம் தாண்டி கபாரஸ் கவுண்டி எல்லை வரை ஒரே பாதையில் போகலாம் என்று நகராட்சியும் கவுண்டியும் சேர்ந்து அறிவித்தது, சுமார் 26 மைல். அதற்கும் மக்கள் கடன் பத்திர வாக்கெடுப்புகளில் சரி சொன்னார்கள். 2019 தொடக்கத்தில் நகராட்சி வந்து, முடிப்பதற்கு இன்னும் 77 மில்லியன் டாலர் பற்றாக்குறை என்று சொன்னது. கையிலிருக்கும் பணத்தில் முழுப் பாதையும் வந்துவிடும் என்று நம்பி வாக்களித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதன்பின் வழிதேடி வேலை நடந்துகொண்டிருக்கிறது, துண்டு துண்டாகத் திறக்கிறார்கள், நானும் போய்ப் பார்க்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அன்று உடைந்த நம்பிக்கை கூட்டங்களில் இன்னும் கேட்கிறது. யாராவது ஒருவர் எழுந்து "எழுபத்தேழு மில்லியன்" என்பார், அறையே தலையாட்டும்.

அதே 2019 நவம்பரில் இன்னொன்று நடந்தது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். விற்பனை வரியைக் கால் சதவீதம் கூட்டி, 7.25 என்பதை 7.5 ஆக்கி, வரும் பணத்தைக் கலைகளுக்கும், பூங்கா கிரீன்வேக்களுக்கும், கல்விக்கும் பிரித்துத் தருவோம் என்று கவுண்டி வாக்கெடுப்புக்கு வந்தது. வருடத்துக்கு சுமார் 50 மில்லியன் டாலர் வரும் என்று கணக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பூங்காவுக்கு. மக்கள் வேண்டாம் என்றார்கள், நூற்றுக்கு 57 பேர் எதிராக. வாக்குச்சீட்டைப் பார்த்தால் அதில் பூங்கா என்ற சொல்லே கிடையாது. கால் சதவீத வரி கூடுதலாகப் போடலாமா வேண்டாமா என்பது மட்டும்தான், மாநிலச் சட்டப்படி வாசகம் அப்படித்தான் இருக்க முடியும். கிரீன்வேயை விரும்புகிறவரும் அந்த வரியைப் படித்துவிட்டு, மளிகைச் சாமான் விலை ஏறிக்கிடக்கும்போது இன்னொரு வரியா என்று தள்ளிவிட்டிருக்கலாம். எதிர்த்தவர்களிலும் நியாயம் இருந்தது. விற்பனை வரி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சதவீதம், சம்பளம் குறைந்தவர் கையைத்தான் அதிகம் கடிக்கும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோற்றதால் என்ன ஆனது என்றால், பூங்காக்களுக்கு என்று ஒதுக்கிய ஒரு நிரந்தர வருமானம் வரும் வாய்ப்பு போய்விட்டது. இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம், சிறை, சுகாதாரம் எல்லாவற்றோடும் வரிசையில் நின்று பங்கு கேட்க வேண்டியிருக்கிறது.

2021இல் மெக் பிளேபுக் என்ற பெயரில் புதிய பெருந்திட்டம் வந்தது. அது வந்த பின்னணி இது: அமெரிக்காவின் பெரிய 100 நகரங்களைப் பூங்கா வசதி வைத்துத் தரவரிசைப்படுத்தும் ஒரு பட்டியல் இருக்கிறது, பார்க்ஸ்கோர் என்பார்கள். அதில் சார்லட் பல வருடங்கள் கடைசிப் பத்துக்குள் கிடந்தது. அவர்கள் பார்க்கும் முக்கியமான அளவுகோல், வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு பூங்காவுக்குப் போக முடிகிறதா என்பது. நம் ஊரில் அப்போது முடியாதவர்களே அதிகம். மரத்துக்குக் குறைவில்லாத ஊர், ஆனால் நடந்துபோய்ச் சேர வழியில்லாத ஊர். புதிய திட்டம் இதை நேரடியாக ஒத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு இதுவரை குறைவாகக் கிடைத்ததோ அங்கே முதலில் என்று சொல்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஊரின் தென்கிழக்கு ஒரு ஆப்பு வடிவம், அங்கே வசதியானவர்கள். அதைச் சுற்றிப் பிறை மாதிரி வடக்கு, மேற்கு, கிழக்குப் பகுதிகள், அங்கே வருமானம் குறைந்தவர்கள். யார் எந்த வரைபடத்தை எடுத்தாலும் இந்த ஆப்பும் பிறையும் தெரியும். நான் இருப்பது ஆப்பில். என் காலுக்குக் கிடைத்தது பிறையில் இருப்பவரின் காலுக்குக் கிடைக்கவில்லை என்பது தெரிந்துகொண்டே நடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. லிட்டில் சுகர் கிரீக்கை ஒட்டியிருக்கும் செர்ரி என்ற குடியிருப்பு 1891இல் உருவானது, கறுப்பின உழைப்பாளிக் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்த இடம். ஓடையைச் சுத்தம் செய்து, பாதை போட்டு, பக்கத்தில் கடைகளும் அடுக்குமாடிகளும் வந்த பிறகு அங்கே நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது, பழைய சிறிய வீடுகள் இடிந்து பெரிய வீடுகள் எழும்பின. இதற்கெல்லாம் முன்பு, 1960களில், அதே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த புரூக்ளின் என்ற கறுப்பினப் பகுதியை நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஏறக்குறைய முழுவதுமாக இடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த நினைவு உள்ளவர்களிடம் போய் "உங்கள் பகுதிக்கு அழகான திட்டம் கொண்டு வந்திருக்கிறோம்" என்றால் முதலில் பயம்தானே வரும்? திட்டத்தில் பாதை எங்கே வரும் என்பதற்கு வரைபடம் இருக்கிறது. பாதை வந்த பிறகும் அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் இருக்க முடியுமா என்பதற்கு அதே அளவு தெளிவான பதிலை நான் பார்க்கவில்லை. மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுக்கு நானே போனேன். பெரிய வரைபடங்களைத் தாங்கிகளில் வைத்திருப்பார்கள், பச்சை, சிவப்பு வட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள், பிடித்த இடத்தில் பச்சை, பிரச்சினை உள்ள இடத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும். ஊழியர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஓடையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள். கொல்லைப்புறத்துக்குப் பின்னால் அந்நியர்கள் நடப்பார்களே, திருடன் வருவானே, மரத்தை வெட்டுவார்களே. மூன்றாவது கேள்வி உண்மையிலேயே கனமானது. சார்லட்டின் மர நிழல் பரப்பு 2012இல் 49 சதவீதமாக இருந்து 2018இல் 45 ஆகக் குறைந்தது, 2050க்குள் 50 ஆக்குவோம் என்று ஊர் இலக்கு வைத்திருந்தது. பாதை போட பன்னிரண்டு அடி வேண்டும் என்றாலும் இயந்திரங்கள் நுழைய அதைவிட அகலமாக வெட்டுகிறார்கள், முப்பது நாற்பது வருட ஓக் மரம் ஒரு பகலில் போய்விடுகிறது. ஒரு வயதான அம்மையார் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பேசினார், எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பாதையை ஆதரிப்பவள்தான். இருந்தாலும் எந்த மரத்தைச் சுற்றி வளைத்துப் போகலாம் என்று அவரையும் கூட வைத்துக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு அப்புறம் கோடு போட்டால் என்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாதை வராவிட்டால் மரம் பிழைக்கும் என்றும் இல்லை, இந்த ஊரில் மரத்தை அதிகம் விழுங்குவது புதுக் குடியிருப்புகள்தான். திருடன் விஷயத்தில் எனக்கு அந்தப் பயம் இல்லை, ஸ்ட்ரோலர்களும் நாய்களும் போகும் பாதை வழியாக டிவியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை.

அன்று அந்த அறையில் எழுபது எண்பது பேர் இருந்திருப்பார்கள். நம் நாட்டு முகம் என்னோடு சேர்த்து மூன்று. சனிக்கிழமை காலைப் பாதையில் நாலில் ஒருவர் நாம், முடிவு செய்யும் அறையில் மூன்று பேர்.

இதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் குடியிருப்பின் பின்பக்க வேலிக்கும் கிரீன்வேக்கும் நடுவே இருநூறு அடிகூட இருக்காது. மாடியிலிருந்து பார்த்தால் இலையுதிர்ந்த மாதங்களில் நடப்பவர்களின் சட்டை நிறம் தெரியும். ஆனால் வேலியில் வாசல் இல்லை. அந்த இருநூறு அடியைப் போய்ச் சேர நான் காரை எடுத்து, குடியிருப்பைச் சுற்றி, நடைமேடை இல்லாத சாலையில் இரண்டு மைல் ஓட்டி, பார்க்கிங்கில் இடம் தேட வேண்டும். எனக்குச் சரி, வண்டி ஓட்டத் தெரியும். அப்பாவுக்கு? நான் எட்டு மணிக்கு வேலைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவர் வீட்டுக்குள்ளேயே. ஆறு மாதம் தங்க வந்தவர், நடந்தே பழகியவர், பாதையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முற்பகலில் எங்கள் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் அப்பா அம்மாக்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள், தெலுங்கு, குஜராத்தி, தமிழ் என்று. அவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். காரில் போனால்தான் எட்டும் நடைபாதை, கார் ஓட்டாதவருக்கு எதற்கு?

இரண்டு வீடுகளுக்கு நடுவே மழைநீர் வடிகாலுக்காக விட்ட பொதுக் கீற்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு சிறிய வாசல் வைத்தால் போதும். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அதைக் கேட்டேன். வெளியாட்கள் உள்ளே வருவார்கள், தெருவில் காரை நிறுத்திவிட்டுப் பாதைக்குப் போவார்கள், யாராவது விழுந்தால் சங்கத்தின் மேல் வழக்கு வரும் என்றார்கள். வாசலுக்குப் பூட்டு போட்டு எண் கொடுக்கலாமே என்றேன், செலவு என்றார்கள். வாக்கெடுப்பில் தோற்றோம், நாலே ஓட்டில். எங்கள் குடியிருப்பில் ஏறக்குறைய பாதி வீடு இந்தியர்கள். கூட்டத்துக்கு வந்திருந்த இந்திய வீடுகள் இரண்டு. மறுவாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் இதைச் சொன்னபோது, "அடடா, சொல்லியிருந்தா வந்திருப்போமே" என்று பதினைந்து பேர் சொன்னார்கள். அறிவிப்பு எல்லோருக்கும்தான் வந்தது.

எனக்குத் தெரியும், நம்மில் பலருக்கு இங்கே ஓட்டு இல்லை. விசா, கிரீன் கார்டு வரிசை, எல்லாம் எனக்கும் நடந்ததுதான். அதனால் இது நம் விஷயம் இல்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கவுண்டியின் கருத்துக் கேட்பில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஸ்டிக்கர் ஒட்ட, படிவம் நிரப்ப, கமிஷனர்கள் கூட்டத்தில் பெயர் கொடுத்து சில நிமிடம் பேச, குடியுரிமை தேவையில்லை. சொத்து வரியும் விற்பனை வரியும் நம்மிடம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? வீட்டுச் சங்கத்தில் ஓட்டு வீட்டுக்காரருக்கு, எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. இந்தத் திட்டங்களில் பெரிய கோடுகளைக் கவுண்டி போடுகிறது, கடைசி இருநூறு அடியை இந்த மாதிரி சிறிய அறைகளில் இருபது முப்பது பேர் முடிவு செய்கிறார்கள், அந்த இருநூறு அடி இல்லாமல் பெரிய கோட்டால் அப்பாவுக்கு ஒரு பயனும் இல்லை.

சரி, புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஊருக்கு வந்த பெற்றோரோடு முதல் தடவை என்றால் ஃப்ரீடம் பார்க்கில் வண்டியை நிறுத்தி, குளத்தைச் சுற்றிவிட்டு, லிட்டில் சுகர் கிரீக் பாதையில் வடக்குப் பக்கம் நடங்கள். சமதளம், உட்கார பெஞ்சு இருக்கிறது. சிறு குழந்தைகளோடு என்றால் மெக்மல்லன் கிரீக் பலகைப் பாதை, ஆனால் மழை பெய்த மறுநாள் வேண்டாம், ஈரப் பலகை வழுக்கும். சைக்கிள் பின்னாலிருந்து வரும்போது இடது பக்கம் வருகிறேன் என்று குரல் கொடுப்பார்கள், அதைக் கேட்டதும் வலது பக்கம் ஒதுங்குங்கள், நம் பெரியவர்கள் குரல் வந்த பக்கமே திரும்பி நடுவில் நின்றுவிடுகிறார்கள், வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். கோடையில் காலை எட்டுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். மூன்று இலை மூன்று இலையாக மரத்தில் ஏறியிருக்கும் கொடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஐவி, பத்து நாள் அரிக்கும். வசந்தத்தில் ஏப்ரல் நடுவில், இலையுதிர் காலத்தில் அக்டோபர் கடைசியில், ஒரு தடவையாவது போயே ஆக வேண்டும்.

எங்கள் சங்கத்தில் வாசல் விஷயம் மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகிறது. இந்தத் தடவை நான் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டேன், ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வர முடியாத இரண்டு பேர் தங்கள் ஓட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஏப்ரலில் வருகிறார். போன வாரம் போனில், என்ன கொண்டு வரட்டும், சுக்கு வேணுமா, கருப்பட்டி வேணுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டார்: "அந்த வேலியில வாசல் வச்சுட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லப்பா. நாலு ஓட்டுதான் கொறையுது."

"அப்பச் செருப்பை விட நல்ல ஷூவாவே எடுத்துட்டு வாரேன்" என்றார்.